பக்கத்து வீட்டுக் கூடாரம்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியின் வடபகுதியில் பல வருடங்களாக இருக்கிறோம். பக்கத்து வீட்டில் ஒரு யூதக் குடும்பம். அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் யூதர்கள் நடத்தும் முழுநேரப் பள்ளிக்குப் போகிறார்கள். டே ஸ்கூல் என்று இங்கே சொல்வார்கள். ஹீப்ருவும் யூத வேதமான தோராவும் கணக்கும் அறிவியலும் எல்லாம் அங்கேயே. என் மகள் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. மூன்று பேரும் ஒரே தெருவில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்கள்.

போன வாரம் அந்த வீட்டுப் பையன் எங்கள் வாசலில் வந்து நின்றான். கோடை விடுமுறையில் என் மகளை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்க வந்தானாம். கையில் ஒரு தாள், அதில் வரிசையாகப் பெயர்கள். இவளுக்கு அந்தச் சண்டையே மறந்துபோயிருந்தது. "பரவாயில்லை" என்றாள். அவன் ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

அதே வாரம் அவர்களைக் கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தேன். அந்த அம்மா வாசலிலேயே நின்று பேசினார், தேன் கேக் கொடுத்தார், உள்ளே வர இயலாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நேற்று இரவு அவர்கள் நோன்பு முடிந்த கையோடு தோட்டத்தில் கூடாரம் போட ஆரம்பித்துவிட்டார்கள். 12ஆம் தேதி ஞாயிறு மதியம் அதில் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவங்களுக்கு மட்டும் ஏம்மா ஸ்கூல்லயே பண்டிகை வருது?" என்று என் மகள் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்கு அவளை எழுப்பி அனுப்புவதே பெரும்பாடு. இப்படி வேலி கட்டிப் பிள்ளை வளர்ப்பது தப்பு என்கிறார் கணவர். எனக்கோ அந்தப் பள்ளியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நமக்கும் இப்படி ஒரு பள்ளி வேண்டாமா? காசாவைப் பற்றி இவ்வளவு எழுதிவரும் உங்களிடம் இதைக் கேட்கலாமா என்றும் யோசித்தேன். அங்கே போகும்போது என்ன கொண்டுபோவது என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்., நியூஜெர்சி
3 அக்டோபர் 2025

அன்புள்ள எஸ்.,

தாராளமாகக் கேட்கலாம். காசாவில் கொல்லப்படும் குழந்தைகளைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. உங்கள் வாசலில் வந்து நின்ற பையனை நான் மதிப்பதற்கும் அது குறுக்கே நிற்கவில்லை. ஓர் அரசின் செயலுக்காக, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரு மக்களின் பண்டிகைமேல் வெறுப்பு வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

முதலில் அந்தப் பெயர்ப் பட்டியல். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் தொடங்கி, பாவமன்னிப்புக்கான நோன்பு நாளான யோம் கிப்பூர் வரை உள்ள பத்து நாட்கள் கணக்குத் தீர்க்கும் நாட்கள். யோம் கிப்பூர் அன்று பெரியவர்கள் ஏறக்குறைய 25 மணிநேரம் அன்னமும் தண்ணீரும் தொடமாட்டார்கள். ஆனால் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் யோமா என்ற பகுதி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் அந்த நாள் போக்கும், சக மனிதனுக்குச் செய்த பிழையை அவனிடமே போய்ச் சமாதானம் ஆகாதவரை அந்த நாளும் போக்காது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் இதற்கு முறையே வகுத்தார். ஒருமுறை கேட்டு மன்னிக்காவிட்டால் நண்பர்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே. அதற்கும் மசியாவிட்டால் பாவம் மன்னிக்க மறுத்தவரைச் சேரும். உங்கள் மகள் முதல் தடவையிலேயே "பரவாயில்லை" என்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாமலே அந்தப் பையனுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறாள்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தானாகத் தோன்றாது. வீட்டில் அம்மா சொல்லியிருப்பார், ஆனால் அம்மா மட்டும் சொன்னால் பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் அதே வாரம் அதே காரியத்துக்காக யார் யார் வீட்டு வாசலிலோ நிற்கிறார்கள். அதனால் அவனுக்குக் கூச்சம் விட்டுப்போகிறது. டே ஸ்கூல் செய்யும் முக்கியமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். பண்டிகையைப் பற்றிப் பாடம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை வகுப்பே போதும். பிள்ளையும் பெற்றோரும் ஆசிரியரும் தொழுகைக்கூடமும் ஒரே பஞ்சாங்கத்தில் வாழ்வதற்கு அது போதாது.

அமெரிக்காவில் அப்படி ஒரு பள்ளியை ஒரு செப்டம்பர் காலையில் பார்த்திருக்கிறேன். புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதத்தில், ஓய்வுநாளான சனியும் மாதத்தின் கடைசி நாளும் தவிர, தினமும் காலைத் தொழுகை முடிவில் ஷோஃபார் ஊதுவார்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு. அன்று ஊத வந்தவன் எட்டாம் வகுப்புப் பையன். முதல் மூச்சுக்கு வெறும் எச்சில் சத்தம்தான் வந்தது. கூடம் நிறைய பிள்ளைகள், ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆசிரியர் கைக்குட்டையை நீட்டினார், அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு கொம்பை வாயின் ஓரத்துக்கு நகர்த்தி ஊதினான். நீளமாக ஒன்று, விம்முவதுபோல மூன்று, பிறகு அறுந்து அறுந்து ஒன்பது. முன்வரிசையில் மழலை வகுப்புக் குழந்தைகள் காகிதத்தில் சுருட்டிய கொம்பை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு இருந்தார்கள். புத்தாண்டன்று தொழுகைக்கூடத்தில் நூறு முறை ஊதும்போது இந்தக் குழந்தைகளுக்கு அது பழகிய சத்தமாக இருக்கும்.

இதற்கு அந்தப் பள்ளி கொடுக்கும் விலையையும் பாருங்கள். உங்கள் ஊரில் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் பள்ளி திறக்கிறது. இந்த ஆண்டு செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 15 வரையிலான நாட்களில் புத்தாண்டுக்கு 2, யோம் கிப்பூருக்கு 1, கூடாரப் பண்டிகையான சுக்கோத்துக்கு 2, அதன் கடைசியில் 2 என்று 7 வார நாட்கள் முழு விடுமுறை. பல பள்ளிகள் சுக்கோத்தின் நடுநாட்களிலும் திறப்பதில்லை. பாடம் ஒழுங்காக ஓட அக்டோபர் பாதி ஆகிவிடும். வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு அது எத்தனை சிரமம் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் பள்ளிக்காகப் பண்டிகையைச் சுருக்குவதில்லை, பண்டிகைக்காகப் பள்ளியைச் சுருக்குகிறார்கள்.

அந்தப் பஞ்சாங்கம் நமக்கு அந்நியமும் அல்ல. அவர்களும் அமாவாசைக் கணக்கில் மாதம் எண்ணி, 19 வருடத்துக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சூரியனோடு பொருத்திக்கொள்கிறார்கள். அதனால் பல வருடங்களில், அவர்களுடைய புத்தாண்டு பிறக்கும் திஷ்ரி மாதத்தின் முதல் பத்து நாளும் நம் நவராத்திரியும் ஒன்றாக வரும். இந்த ஆண்டு நீங்கள் கொலு வைத்துக் கலசம் நிறுத்திய செப்டம்பர் 22 மாலையில்தான் அவர்கள் வீட்டில் ஆப்பிளைத் தேனில் தோய்த்தார்கள். அவர்கள் நோன்பிருந்த அக்டோபர் 2 நமக்கு விஜயதசமி. 2024லும் அக்டோபர் 12 அன்று அப்படித்தான். அடுத்த ஆண்டு பொருந்தாது, அவர்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே முடிந்துவிடும்.

இனி கூடாரம். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குக் கூடாரப் பண்டிகை என்றால் தெரியும், லேவியராகமத்தில் வருகிறது. எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் அலைந்தபோது குடில்களில் வாழ்ந்ததன் நினைவாக ஏழு நாள் குடிலில் சாப்பிடுவது, முடிந்தால் தூங்குவது. சுக்கா என்ற அந்தக் குடிலின் கூரைக்குத்தான் சட்டம் அதிகம். மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். உயிரோடு படர்ந்திருக்கும் கொடியின் அடியில் போட்டால் செல்லாது, தகரமும் தார்ப்பாயும் செல்லாது. வெயிலைவிட நிழல் கூடுதலாக விழ வேண்டும், ஆனாலும் இரவில் நட்சத்திரம் தெரியும்படி இருப்பது நல்லது என்பார்கள். நோன்பு முடிந்த இரவே முதல் ஆணியை அடித்துவிடுவது பலரது வழக்கம். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பிள்ளைகளுக்கு இதில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. மூங்கில் தூக்க வேண்டும், பாய் விரிக்க வேண்டும், வகுப்பில் செய்த காகிதச் சங்கிலியையும் மாதுளம்பழ ஓவியத்தையும் கட்டித் தொங்கவிட வேண்டும். உங்கள் மகள் உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தொங்கல் யார் செய்தது என்று அந்தப் பையன் ஒவ்வொன்றாகச் சொல்வான்.

மேசையில் ஒரு பெட்டிக்குள் எத்ரோக் இருக்கும். நாரத்தை, கிடாரங்காய் இனத்துப் பழம், மணம் ஆளைத் தூக்கும். பஞ்சுபோன்ற நாரில் பொதிந்து வைத்திருப்பார்கள். நுனியில் இருக்கும் சிறு காம்பு ஒடிந்தால் சடங்குக்கு ஆகாது என்பதால் அதைக் கையில் வாங்கும் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதோடு விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று, மிர்ட்டில் என்ற மணச்செடியின் கொப்பு மூன்று, வில்லோ எனப்படும் ஆற்றலரியின் கொப்பு இரண்டு. ஒரு பழைய விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். எத்ரோக்குக்குச் சுவையும் உண்டு, மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை மட்டும். மிர்ட்டிலுக்கு மணம் மட்டும். ஆற்றலரிக்கு இரண்டும் இல்லை. சுவை என்பது கல்வி, மணம் என்பது நற்செயல். நான்கையும் சேர்த்துப் பிடித்தால்தான் வழிபாடு, ஆற்றலரி இல்லாவிட்டால் மற்ற மூன்றும் செல்லாது. மதிப்பெண் போடும் இடமான ஒரு பள்ளி வருடந்தோறும் இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஆட்டச் சொல்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடைசி நாள் சிம்ஹாத் தோரா. வருடம் முழுதும் வாரம் ஒரு பகுதியாக வாசித்த தோராவை அன்று முடித்து, மூச்சுவிடாமல் ஆதியாகமத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். சுருளைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்று ஆடுவார்கள். மற்ற நாட்களில் பதின்மூன்று வயது ஆகாத பையனை வாசிப்பு மேடைக்கு அழைப்பதில்லை. அன்று மட்டும் ஒரு தொழுகைச் சால்வையைப் பந்தலாக விரித்துப் பிடித்து, அத்தனை குழந்தைகளையும் அதன்கீழ் ஒன்றாக நிறுத்துவார்கள். 2023இல் இஸ்ரேலில் அந்த ஆட்ட நாளாக விடிந்ததுதான் ஹமாஸ் தாக்குதல் நடந்த அக்டோபர் 7. அதன் பிறகு வந்த பண்டிகைகளில் எப்படி ஆடுவது என்று பெரியவர்கள் கலங்கினார்கள். குழந்தைகளுக்காக ஆடினார்கள்.

உங்கள் பொறாமைக்கு வருகிறேன். அமெரிக்க யூதர்களும் முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிதான் நடத்தினார்கள். 1838இல் ஃபிலடெல்ஃபியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி தொடங்கியது அங்கே முதலாவது. அதன் பிறகு நூறு வருடம் பெரும்பாலான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போனார்கள், மதம் ஞாயிறன்றும் மாலை வகுப்பிலும் கிடைத்தது. இன்றும் பெரும்பான்மை அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவின் யூதக் கல்வி நிலையங்கள் அடியோடு அழிந்தபின்தான் டே ஸ்கூல்கள் வேகமாகப் பெருகின. 1944இல் தோரா உமெசோரா என்ற அமைப்பு இதற்கென்றே தொடங்கப்பட்டது. 2018-19 கணக்கெடுப்பில் 906 பள்ளிகள், சுமார் 2,92,000 மாணவர்கள். பெரும்பகுதி, மத விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர். உங்கள் பகுதியில் கட்டணம் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வாழ்க்கையையே நெருக்கும் தொகை. அந்த நெருக்கடியை மனமுவந்து ஏற்று வாழ்கிறார்கள்.

உங்கள் கணவர் சொல்லும் வேலி உண்மைதான். கொலுவுக்கு அவர்கள் வராததும் அந்த வேலியால்தான். சிலை வைத்து வணங்கும் இடத்துக்குப் போவது ஆர்த்தடாக்ஸ் யூதருக்குக் கடும் விலக்கு, உங்களை அவமதிப்பது அல்ல. ஆனால் உங்கள் மனம் நொந்ததும் நியாயம். வேலி உள்ளே இருப்பவரைக் காக்கும்போது வெளியே இருக்கும் நல்ல மனிதரையும் தள்ளியே நிறுத்துகிறது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு சாமி கும்பிடும் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதில்லை, அதைப் பெரிய இழப்பாகவே நான் பார்க்கிறேன். பள்ளி வாசலில் காவலர் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கில் தொழுகைக்கு வந்த 11 பேரை ஒருவன் சுட்டுக்கொன்றான். அந்த வேலியில் பாதி அச்சத்தில் பிறந்தது.

அப்படி ஒரு பள்ளி நமக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தமிழ்ப்பள்ளியில் உங்கள் மகளுக்குப் பக்கத்தில் ஓர் இஸ்லாமியப் பிள்ளையும் ஒரு கிறித்தவப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். மொழிதான் அவர்களைக் கூட்டுகிறது. மதப் பஞ்சாங்கத்தை வைத்து முழுநேரப் பள்ளி கட்டினால் முதலில் அந்த இருவரும் வெளியே போவார்கள்.

ஆனால் பிள்ளைகளுக்குப் பண்டிகையில் வேலை கொடுப்பதை அவர்களிடமிருந்து கற்றாக வேண்டும். நம் சங்கங்களின் பொங்கல் விழாவில் பிள்ளைகள் ஒப்பனை போட்டு மேடையேறி ஆடுகிறார்கள், நாம் கைபேசியில் படம் பிடிக்கிறோம், சாப்பாடு கேட்டரிங்கில் வருகிறது. ஒரு பிள்ளையாவது பானையில் அரிசி போட்டதா? எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஜனவரிக் குளிரில் பள்ளி வாகன நிறுத்தத்தில் கேஸ் அடுப்பு வைத்தாவது பிள்ளைகளே கிண்டட்டும். அடுத்த வருடக் கொலுவில் எந்தப் படியில் எது என்பதையும், யாரைக் கூப்பிடுவது என்பதையும் உங்கள் மகளிடம் விட்டுவிடுங்கள். சுண்டலுக்குக் கடலை ஊறப்போடுவது அவள் பொறுப்பு, மறந்தால் அன்றைக்குச் சுண்டல் இல்லை.

என்ன கொண்டுபோவது என்றால், சமைத்தது எதுவும் வேண்டாம். அவர்களுடைய உணவு விதி கடுமை, உங்கள் பாத்திரத்தில் செய்ததை அவர்கள் தொட முடியாது, மறுக்கவும் சங்கடப்படுவார்கள். வெட்டாத முழுப் பழங்கள் கொண்டுபோங்கள், பூங்கொத்தும் நல்லது. 12ஆம் தேதி பண்டிகையின் நடுநாள் என்பதால் அழைப்பு மணி அடிக்கலாம், படமும் எடுக்கலாம். முழு விடுமுறையான 7, 8 தேதிகளில் போவதாக இருந்தால் இரண்டும் கூடாது, கதவைத் தட்டினால் போதும். மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கூரை குளிரைத் தடுக்காது. மழை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள், கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் எழுந்துவிடலாம் என்று மிஷ்னாவே அனுமதிக்கிறது. நுழையும்போது "ஹக் சமேயாஹ்", அதாவது இனிய பண்டிகை, என்று சொல்லுங்கள். உங்கள் கணவரையும் கட்டாயம் அழைத்துப்போங்கள்.