லெவல் 500க்குப் பிறகு கட்டைகள் ஏன் நடுவிலேயே சிக்கிக்கொள்கின்றன?

வாசகர் கேள்வி: டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர் முதல் பாகத்தை பழைய ஆர்கேட் ஆட்டங்களை மறுவெளியீடு செய்யும் ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ் வழியாக வாங்கி, நின்டெண்டோ சுவிட்ச்சில் விளையாடி வருகிறேன். லெவல் 490 வரை பெரிய சிரமம் இல்லை. 500 வந்ததும் கட்டைகள் நடுவிலேயே குவிந்து, ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. என் விரல்களுக்கு வேகம் போதவில்லையா? ஆர்கேட் ஸ்டிக் வாங்கினால் பயன் உண்டா?

பதில்: விரல் வேகத்தைப் பற்றிய கவலையை முதலில் ஒதுக்கிவிடலாம், இந்த ஆட்டத்தின் கணக்கு அதை ஆதரிக்கவில்லை. 1998இல் அரிகா நிறுவனம் ஆர்கேடுக்காக உருவாக்கிய இந்த ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம்களாக, அதாவது 60 திரைப்படிமங்களாக ஓடுகிறது. ஒரு கட்டை பூட்டிக்கொண்ட பின், அதாவது இனி நகராதபடி நிலைத்துவிட்ட பின், அடுத்தது தோன்றுவதற்கு 30 ஃபிரேம்கள் ஆகின்றன. தரையைத் தொட்ட கட்டை பூட்டிக்கொள்வதற்கு மேலும் 30 ஃபிரேம்கள் கிடைக்கின்றன. ஆக, உச்ச வேகத்திலும் கட்டை ஒன்றுக்கு ஒரு நொடி உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கட்டை எது என்பதும் முன்கூட்டியே திரையில் தெரிகிறது. ஒரு நொடியில் நாலைந்து முறை பொத்தானை அழுத்த யாராலும் முடியும்.

500இல் மாறுவது வேறொன்று. அங்கிருந்து ஈர்ப்பு 20 ஜி, அதாவது ஃபிரேமுக்கு 20 வரிசை. ஆட்டக்களத்தின் உயரமே 20 வரிசைதான். எனவே கட்டை விழுவதை நீங்கள் பார்ப்பதே இல்லை, தோன்றும்போதே அது அடுக்கின் மேல் அமர்ந்திருக்கிறது. அதுவரை கட்டையை அந்தரத்திலேயே பக்கவாட்டில் நகர்த்தி, மேடுகளைத் தாண்டி இறக்கிக்கொண்டிருந்தீர்கள். 450 முதல் 499 வரை ஈர்ப்பு 3 ஜி மட்டுமே, 400ஐ ஒட்டி வரும் 5 ஜியைவிடவும் குறைவு என்பதால் அந்தப் பழக்கம் கடைசிவரை கைகொடுக்கிறது. 500க்குப் பிறகு கட்டை மேற்பரப்பை ஒட்டியே ஊர முடியும். சரிவில் இறங்கும், வழியில் ஒரே ஒரு வரிசை உயரமுள்ள மேடு நின்றாலும் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே திருத்த வேண்டியது அடுக்கின் வடிவத்தை. களத்தில் 10 நெடுவரிசைகள் உள்ளன. மூன்று கட்டம் அகலமுள்ள கட்டைகள் 4, 5, 6ஆம் நெடுவரிசைகளிலும், நீளக்கட்டை 4 முதல் 7 வரையிலும், சதுரக்கட்டை 5, 6இலும் தோன்றுகின்றன. அந்த இடம்தான் அடுக்கின் உச்சியாக இருக்க வேண்டும்; அங்கிருந்து இருபுறமும் ஓட்டுக் கூரைபோல் சரிந்து இறங்க வேண்டும். சாதாரண வேகத்தில் ஆடிப் பழகியவர்கள் இரு ஓரங்களையும் உயர்த்தி நடுவைத் தாழ்வாக விட்டிருப்பார்கள். கட்டைகள் நடுவிலேயே குவிவதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் அடுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அந்தப் பள்ளத்தில் இறங்கிய கட்டைக்கு வெளியேற வழி கிடையாது. 4 முதல் 6 வரையிலான பகுதியில் ஒற்றைக் கட்ட அகலமுள்ள குழியையும் விட்டுவைக்காதீர்கள்: டி கட்டை கீழ்நோக்கிய காலுடன் தோன்றுவதால், 5ஆம் நெடுவரிசையில் குழி இருந்தால் கால் அதற்குள் இறங்கிவிடும், அதன்பின் பக்கவாட்டில் நகராது.

நீளக்கட்டைக்குத் தனிக் கவனம் தேவை. அது படுத்த நிலையில் தோன்றுகிறது. இந்தத் தொடரின் முதல் இரண்டு பாகங்களில், சமதரையில் படுத்துவிட்ட நீளக்கட்டையை எழுப்பி நிறுத்தவே முடியாது. சுழன்றால் அதன் கீழ்ப்பகுதி தரைக்குள் புகவேண்டியிருக்கும், மேலே தூக்கிவிடும் சலுகை அங்கே கிடையாது. ஆகவே கட்டை தோன்றுவதற்கு முந்தைய அந்த அரை நொடியிலேயே சுழற்றும் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட வேண்டும். அப்போது அது எழுந்த நிலையிலேயே, 6ஆம் நெடுவரிசையில் வந்து நிற்கும். ஐஆர்எஸ் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த வசதி எல்லாக் கட்டைகளுக்கும் உண்டு என்றாலும், மற்றவற்றுக்கு அது உதவி, நீளக்கட்டைக்கு அதுவே ஒரே வழி. வலது ஓரத்தில் காலியாக விட்ட நெடுவரிசையான கிணற்றில் அதை இறக்கி நான்கு வரிசைகளை ஒன்றாக நீக்க விரும்பினால், 6 முதல் 9 வரை எந்த இடத்திலும் மேடு இருக்கக்கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

திசைப் பொத்தானுக்கும் இதே முறை பொருந்தும். அதைக் கால் நொடி அளவு அழுத்திப் பிடித்தால் கட்டை ஃபிரேமுக்கு ஒரு கட்டமாக ஓடத் தொடங்கும். அந்தக் கால் நொடியைக் காத்திருப்பு நேரத்திலேயே கழித்துவிடலாம். கட்டை தோன்றியதும் ஓரத்துக்குச் சென்றுவிடும். முன்தோற்றத்தைப் பார்த்து முடிவெடுப்பது, சுழற்சியைப் பிடிப்பது, திசையைப் பிடிப்பது ஆகிய மூன்றும் கட்டை இல்லாத அந்த இடைவெளியில் நடப்பதால்தான், தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டம் பார்ப்பவருக்கு மின்னல் வேகமாகத் தெரிகிறது.

வழியில் மேடு வந்துவிட்டால் எல், ஜே கட்டைகளை நம்பலாம். எல் கட்டையின் இடப்புறக் கால் தாழ்ந்த தரையில் நிற்க, மீதி உடல் வலப்புறத்தில் ஒரு படி உயர்ந்த பகுதியின்மேல் படியும். ஜே இதற்கு நேரெதிர். இந்த நிலைக்குச் சுழற்றி ஒரு படி ஏறுவதைத் தனியாகப் பயிலுங்கள். சதுரக்கட்டைக்கு அந்த வாய்ப்பு அறவே கிடையாது. தரையில் நிற்கும் கட்டையைச் சுழற்றிக்கொண்டே இருந்து நேரம் சேர்க்கலாம் என்றும் எண்ண வேண்டாம்: கட்டை ஒரு வரிசையாவது கீழே இறங்கினால்தான் அந்த 30 ஃபிரேம் மறுபடி தொடங்கும்.

இன்னொரு நுணுக்கம் உங்களுக்கு உடனே பயன்படும். புதிய கட்டை வரும்போதெல்லாம் ஒன்று கூடும் லெவல் எண், 499இல் வரிசை ஒன்றை நீக்கும்வரை நின்றுவிடும். எனவே 20 ஜிக்குள் எந்த வடிவத்தோடு நுழைவது என்பது ஓரளவு உங்கள் கையில் உள்ளது. 480ஐத் தாண்டியதும் ஓரங்களை உயர்த்துவதை நிறுத்துங்கள். 499இல் நடுப்பள்ளம் இன்னும் மிஞ்சியிருந்தால் அதை நிரப்பிய பிறகே வரிசையை நீக்குங்கள். அதன்பின் கொஞ்ச காலத்துக்கு, நான்கு வரிசைகளை ஒன்றாக நீக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒன்றும் இரண்டுமாக நீக்கி அடுக்கைத் தாழ்வாக வைத்திருப்பதே நல்லது. ஆட்டத்தின் உச்சத் தரமான கிராண்ட் மாஸ்டருக்கு மதிப்பெண்ணும், 13 நிமிடம் 30 நொடிக்குள் 999ஐ எட்டும் வேகமும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 999ஐ ஒருமுறையாவது தொட்ட பிறகு அதைப் பற்றி யோசித்தால் போதும்.

ஆர்கேட் ஸ்டிக் கட்டாயம் இல்லை. கன்ட்ரோலரில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான்: வலப்புறமோ இடப்புறமோ அழுத்தும்போது கட்டைவிரல் சற்றே கீழ்த்திசையையும் அழுத்திவிடுகிறதா என்று பாருங்கள். தரையில் நிற்கும் கட்டை, கீழ்த்திசை பட்ட கணத்தில் பூட்டிக்கொள்ளும். 20 ஜியில் எல்லாக் கட்டைகளுமே தரையில்தான் நிற்கின்றன. மூலைத்திசைகளை ஏற்காதபடி நான்கு திசைக்கு மட்டும் அமைத்த ஸ்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை என்பதே அதன் உண்மையான அனுகூலம்.

பயிற்சிக்காக ஒவ்வொரு முறையும் 500 வரை ஆடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. முதல் கட்டையிலிருந்தே 20 ஜியில் தொடங்கும் மறைநிலை ஒன்று இந்த ஆட்டத்திலேயே உண்டு. தொடக்கத் திரையில் குறிப்பிட்ட வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் அது திறக்கும். அதில் வரிசைகளை நீக்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், ஒவ்வொரு கட்டையையும் இட ஓரத்துக்கும் வல ஓரத்துக்கும் மாறி மாறிக் கொண்டுசேர்க்க முயலுங்கள். எந்தக் கட்டை எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்பது விரைவில் பிடிபட்டுவிடும்.