கணக்குக் கேட்பது தாழ்மைக்குக் குறைவா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். கட்டட நிதியின் வரவுசெலவைக் காட்டும்படி போதகரிடம் கேட்டேன். அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்பவருக்குத் தாழ்மை இல்லை என்று சொல்லி, பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலிருந்து என்னை நிறுத்திவிட்டார். நான் செய்தது பாவமா?

பதில்: சகோதரி, நீங்கள் செய்தது பாவமல்ல. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. ஒருவரும் குறை சொல்லாதபடிக்குச் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் அனுப்பியதாக 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்போஸ்தலர் கேளாமலே செய்ததைத்தான் நீங்கள் கேட்டுப் பெற முயன்றிருக்கிறீர்கள்.

மாற்கு 10இல், பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாகவும், முதல்வனாக விரும்புகிறவன் ஊழியக்காரனாகவும் இருக்கக்கடவன் என்கிறார் இயேசு. கிரேக்க மூலத்தில் முதற்சொல் பந்தியில் பரிமாறுகிறவரையும், அடுத்த சொல் அடிமையையும் குறிக்கும். நம்மிடையே அந்த ‘ஊழியக்காரர்’ என்ற சொல்லே மாலை மரியாதைக்குரிய பட்டமாகிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. யோவான் 13இல் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு கால்களைக் கழுவியவர் குருவே. தாழ்மை முதலில் தலைமையிடம் எதிர்பார்க்கப்படுகிறது. கேட்கிறவரின் வாயை அடைக்க அது கொடுக்கப்படவில்லை. விசாரணையில் தம்மை அறைந்த சேவகனிடம் ஏன் அடிக்கிறாய் என்று கேட்ட இயேசுவைத் தாழ்மையற்றவர் என்று யார் சொல்வார்?

உங்களிடம் காட்டப்படும் வசனம் பெரும்பாலும், கடவுள் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடக்கூடாது என்கிற சங்கீதம் 105:15 ஆகத்தான் இருக்கும். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சம் பேராய், அந்நியராய் அலைந்த நாட்களில், அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கடவுள் ராஜாக்களைக் கடிந்துகொண்டதை அந்த வரி சொல்கிறது. வலுவற்றவர்களை அதிகாரத்திடமிருந்து காத்த வசனத்தை, அதிகாரத்தைக் கணக்கிலிருந்து காப்பதற்குப் பயன்படுத்துகிறவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள். அவர்களைவிடவும் எச்சரிக்கை தேவைப்படுவது, சமாதானம் பேச வருவதாகச் சொல்லி நடுவில் நுழைகிறவர்களிடம். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எழுதாதீர்கள், அதுவே பின்னர் சபைக் கூட்டத்தில் உங்கள் குற்ற ஒப்புதலாக வாசிக்கப்படும். இப்படி முடிந்த பல வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். மேலிடத்துக்கு அனுப்பும் புகாரும், யார்மீது கொடுக்கப்பட்டதோ அவருடைய மேசைக்கே விளக்கம் கேட்டுத் திரும்புகிறது. இந்த ஏற்பாட்டை இத்தனை ஆண்டுகளாக ஏன் ஒருவரும் மாற்றவில்லை?

ஒரு விலக்கு மட்டும் உண்டு; அதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்த உதவியில் பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளை அங்கே பொருந்தும். பெற்றவரின் மானமும் அதில் இருக்கிறது. ஆனால் மொத்தம் எவ்வளவு சென்றது, எத்தனை குடும்பங்களுக்குச் சென்றது என்பதைச் சபை அறியலாம். பெயர்களைச் சபை தெரிந்தெடுத்த இருவர் மட்டும் பார்த்துக் கையொப்பமிடலாம். கட்டட நிதிக்கு இந்த மறைவு பொருந்தாது. செங்கலுக்கும் சிமெண்டுக்கும் மானம் காக்க வேண்டியதில்லை.

இனி வாய்மொழியாகக் கேட்காமல், தேதியிட்டு, உங்களைப் போலவே எண்ணுகிற இரண்டொருவருடன் சேர்ந்து கையொப்பமிட்டு, நிதிக்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, கையிருப்பு எங்கே என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். போதகரின் குணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். பிள்ளைகளின் பெற்றோரிடம், நீங்களாக விலகவில்லை என்பதை அமைதியாகச் சொல்லிவிடுங்கள். பாடக் குறிப்பேட்டை யாரிடமும் ஒப்படைக்காமல் உங்களிடமே வைத்திருங்கள்.