சிறுவர் நிதி ஓட்டம்: கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை

கேள்வி: மதுரையில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம், பக்கத்துத் தெருவிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் வாசிப்பு அறை அமைக்க நிதி திரட்டும் பொருட்டு, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுவர் ஓட்டம் நடத்த எண்ணியுள்ளது. 6 முதல் 14 வயது வரையிலான 150 பிள்ளைகள் வரக்கூடும். எங்களுக்கு முன் அனுபவம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பள்ளியிலிருந்தே தொடங்குங்கள். தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவினரையும் நேரில் சந்தித்து, அலமாரி எத்தனை, புத்தகங்கள் எவை, மின்விசிறி வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகே தொகையை முடிவு செய்ய வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காக 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் நிதி அளிக்க இயலும் என்பதால், அந்த வழியா, பொருளாக வாங்கித் தருவதா என்பதையும் அவர்களுடனேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இதைப் பந்தயமாக நடத்தாதீர்கள். புற்றுநோயால் வலக்காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980இல் கனடாவில் 143 நாட்கள் ஓடினார். அவர் பெயரில் 1981 முதல் நடைபெறும் ஓட்டத்தில் இன்றுவரை முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. பரிசுக்கோப்பை என்று ஒன்று வந்துவிட்டால், பிள்ளைகளைவிடப் பெற்றோரே ஓரத்தில் நின்று விரட்டத் தொடங்குவார்கள். ஓடி வந்தவருக்கும் நடந்து வந்தவருக்கும் ஒரே பதக்கம் போதும்.

பாதையைப் பெரிய சாலையில் அமைக்க வேண்டாம். குடியிருப்புத் தெருக்களுக்குள்ளேயே 500 மீட்டர் வட்டப் பாதை ஒன்றை அளந்து, 8 வயது வரை ஒரு சுற்று, 11 வரை இரண்டு, அதற்கு மேல் நான்கு என்று வைத்துக்கொண்டால், எந்தப் பிள்ளையும் பாதைவழியே தொடக்க இடத்திலிருந்து 250 மீட்டருக்கு மேல் விலகிப் போகாது. உள்தெருவாக இருந்தாலும் காவல் நிலையத்திலும் போக்குவரத்துக் காவல் பிரிவிலும் ஒரு மாதம் முன்னதாகவே எழுத்து மூலம் விண்ணப்பித்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அதைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது. பிப்ரவரியில் ஆறரை மணிக்கு மேல்தான் விடியும் என்பதால், 6.45க்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் 8 மணிக்குள் முடித்துவிடலாம். அன்று விடியற்காலையில் இருவர் பாதை முழுவதும் நடந்து, கற்கள், திறந்த சாக்கடை மூடி, குறுக்கே நிறுத்திய வண்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தெருநாய்களுக்கு வழக்கமாகச் சோறு வைப்பவரிடம் அன்று வேறு தெருவில் வைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டமாக ஓடும் பிள்ளைகளைக் கண்டால் சாதுவான நாயும் துரத்தும்.

இனிச் சொல்வதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நான் உதவிக்குச் சென்ற ஓர் ஓட்டத்தில், எல்லாரும் வந்துவிட்டதாக எண்ணிப் பதக்கம் வழங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் மட்டும் கூட்டத்துக்குள் மகளைத் தேடிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து, செருப்பு வார் அறுந்த அந்த ஆறு வயதுப் பெண், ஒரு வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கையில் பிடித்தபடி அழாமல் உட்கார்ந்திருக்கக் கண்டோம். எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை எங்களிடம் இல்லாததே அந்த இருபது நிமிடத்துக்குக் காரணம்.

ஆகவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் அட்டை ஒன்றைச் சட்டையில் ஊக்கால் குத்தி, அதன் பின்பக்கம் பெற்றோரின் கைபேசி எண்ணையும் ஆஸ்துமா, வலிப்பு போன்றவை இருந்தால் அதையும் எழுதுங்கள். அதே எண் கொண்ட சீட்டு பெற்றோர் கையில் இருக்க வேண்டும். வயதுவாரியாக முப்பது முப்பது பேராக அனுப்பி, ஒவ்வொரு குழுவின் பின்னாலும் ஒரு பெரியவர் கடைசிப் பிள்ளையுடன் நடந்து வரட்டும். அவருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் தங்கிவிடக் கூடாது. முடியும் இடத்தில் கயிறு கட்டிய அடைப்புக்குள் பிள்ளைகளை நிறுத்தி, சீட்டைக் காட்டுபவரிடம் மட்டும் ஒப்படைத்து, பட்டியலில் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும். தெரிந்த முகம் என்பதற்காக எவருக்கும் விலக்கு தராதீர்கள்.

மருத்துவர் அல்லது செவிலியர் ஒருவர் இருப்பது அவசியம். 108 ஊர்தி உள்ளே வர ஒரு தெருவைக் காலியாக விடுங்கள். குடிநீரை எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். பிளாஸ்டிக் குவளையும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் 2019 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. வாழைப்பழமும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இருந்தால் நல்லது.

பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே பெறுங்கள். செயலாளரின் சொந்தக் கைபேசிக்கு ஒரு ரூபாயும் வரக் கூடாது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் வருமான வரித்துறைப் பதிவு (80ஜி எனப்படுவது) சங்கத்துக்கு இல்லையென்றால், அந்தச் சலுகை கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பனியன் செலவைக் கடைக்காரர் எவரேனும் ஏற்றால் அச்சிடலாம், இல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம். நுழைவுக் கட்டணத்தில் பாதி துணிக்குப் போய்விட்டால் வாசிப்பு அறைக்கு என்ன மிஞ்சும்? ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ரசீதுகளுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் அட்டையிலோ வரிசையிலோ அவர்களைத் தனித்துக் காட்டும் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. காலில் செருப்பு மட்டுமே உள்ளவர்கள் இருப்பார்கள் என்பதை எண்ணி, எல்லாரும் வெறுங்காலுடன் ஓடக்கூடிய மண் தெருவையோ மைதானத்தையோ பாதையாகத் தேர்ந்துகொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள்.