25 ஆண்டு விடுமுறையை ஒரே மாலையில் வாங்கலாமா?

கேள்வி: அரசுப் பணியிலிருந்து சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். கோல்ஃப் பழக வேண்டும், மனைவியுடன் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அண்மையில், பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லி ஓர் ஓட்டலுக்கு அழைத்தார்கள். 5 லட்சம் ரூபாய் கட்டி உறுப்பினரானால் 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 7 இரவுகள் தங்கலாம். கோல்ஃப் மைதானம் உள்ள விடுதிகளும் உண்டு என்றார்கள். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரூபாய் தனி. அன்றே 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கட்ட வேண்டாம் ஐயா. ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலையேறவும் மைதானத்தில் நடக்கவும் கால்கள் ஒத்துழைக்கும் காலம் இதுதான். இப்போது செலவழிப்பதில் தவறே இல்லை.

கணக்கைப் பாருங்கள். அந்த 5 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்குப் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய், ஆண்டுக்கு 41,000 ரூபாய் கைக்கு வரும். ஐந்தாண்டு முடிவில் முதலும் அப்படியே திரும்பும். உறுப்பினரானால் இந்த வட்டியை இழப்பதோடு பராமரிப்புக்கும் 20,000 கட்ட வேண்டும். ஆக, 7 இரவுக்கு 61,000 ரூபாய். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 8,700 ரூபாய். வட்டிக்கு வரி போனாலும் கணக்கு பெரிதாக மாறாது. முதலோ திரும்பாது. பராமரிப்புக் கட்டணம் உயருமா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள். விற்பவர் வாயால் சொன்னது அதில் இல்லையென்றால் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய திட்டங்கள், மே மாத விடுமுறையில் பிள்ளைகளோடு கொடைக்கானலுக்குப் போயே ஆக வேண்டிய குடும்பங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. கூட்டமில்லாத மாதத்தில், செவ்வாய், புதன்கிழமைகளில் அறை மலிவாகவே கிடைக்கும். ஓய்வு பெற்றவரின் பெரிய செல்வம் அந்த ஓய்வுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சீசன் விலை கொடுப்பானேன்?

இன்னொன்று. மைதானம் உள்ள விடுதியில் தங்கும் உரிமை, ஆடும் உரிமை ஆகிவிடாது. மைதானக் கட்டணம், மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளருக்கான (கேடி) கூலி, மட்டை வாடகை எல்லாம் பெரும்பாலும் தனி. நெல்லையிலிருந்து நாகர்கோவில் வழியாக ரயிலில் திருவனந்தபுரம் போனால், அங்குள்ள பழைமையான கோல்ஃப் மைதானத்தில், பந்தைச் சேர்க்க வேண்டிய குழிகள் 9. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது, 18 குழிகள். வெளியாரை எந்த நாளில், என்ன கட்டணத்தில் அனுமதிக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதலில் 9 குழி போதும். இரண்டு மணி நேர நடை.

இனி முன்பணம். ரத்து செய்யும் அவகாசம் எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இன்றே பாருங்கள். ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலிலும், பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதும் என்பார்கள், போதாது. பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ரசீதையும் அழைப்புக் குறுஞ்செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா ஓய்வு பெறுகிறார். முழு கோல்ஃப் செட் பரிசளிக்க நினைக்கிறேன். சரியா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம் என்பது ஆட்ட விதி. அத்தனையும் வேண்டும் என்பது விதியல்ல. புதிதாகப் பழகுபவருக்கு ஐந்தாறு மட்டைகள், அதிலும் பந்தைத் தூக்கி அடிக்க ஒரு 7-ஆம் எண் அயர்ன் (உலோகத் தலை மட்டை), பந்தைக் குழிக்குள் உருட்ட ஒரு பட்டர் (putter) நல்லதாக அமைந்தால் போதும். வயதானவர்களுக்கு எடை குறைந்த கிராஃபைட் தண்டு கைக்கு இதம். பயன்படுத்திய செட்டே நன்றாக உழைக்கும்; கைப்பிடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். முதல் சில வகுப்புகளுக்கு வாடகை மட்டை எடுக்கட்டும். அப்பாவின் உயரத்தையும் வீச்சையும் பார்த்துப் பயிற்சியாளர் சொல்லும் அளவில் பிறகு வாங்குங்கள். இப்போதே ஏதாவது கையில் கொடுக்க வேண்டுமென்றால், நல்ல பிடிப்புள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். அளவு உங்களுக்கே தெரியும்.