ஜெயந்த் நார்லிகர் பற்றி நீங்கள் கேட்டவை

2025 மே 20 அன்று புனேயில் காலமான வானியலாளர் ஜெயந்த் விஷ்ணு நார்லிகரைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், நான் பி.எஸ்சி. இயற்பியல் மாணவன். அவர் இறந்த செய்தியில்தான் அவர் பெயரே எனக்குத் தெரிய வந்தது. எப்படி இந்தத் துறைக்கு வந்தார்?

பதில்: பிறந்தது 1938இல், கோலாப்பூரில். வளர்ந்தது காசியில். அப்பா விஷ்ணு வாசுதேவ் நார்லிகர், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், பொதுச் சார்பியலில் ஆய்வு செய்தவர். அம்மா சுமதி, சம்ஸ்கிருத அறிஞர். வீட்டிலேயே கணக்கும் மொழியும் இருந்தன. 1957இல் பட்டம் முடித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே கணித டிரைபாஸ் தேர்வில் முதலிடம் பெறுபவரை ‘சீனியர் ராங்லர்’ என்பார்கள். 1959இல் அது அவர்தான். அப்புறம் பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயிலிடம் ஆராய்ச்சி. இருவரும் சேர்ந்து 1964இல் ஒரு புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். மறு ஆண்டே பத்மபூஷண் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26.

கேள்வி: பெருவெடிப்பை அவர் கடைசிவரை ஏற்கவில்லையாமே? அப்படியென்றால் அவர் சொன்னது தப்புதானே?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். மிக அடர்த்தியான, வெப்பமான ஒரு நிலையிலிருந்து பிரபஞ்சம் விரியத் தொடங்கியது என்பதுதான் பெருவெடிப்புக் கோட்பாடு. பிரபஞ்சம் விரிகிறது என்பதில் அவருக்கு மறுப்பே கிடையாது. ஆனால் விரிய விரியப் புதிய பொருள் உருவாகிக்கொண்டே இருப்பதால் அடர்த்தி மாறுவதில்லை, எனவே பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்று ஒன்று இல்லை. இதுதான் ஹாயில் முன்வைத்த நிலைமாறாக் கோட்பாடு. வானில் ரேடியோ அலைகளை வெளிவிடும் பொருட்களை ரேடியோ மூலங்கள் என்பார்கள். அவற்றில் மங்கலானவற்றின் எண்ணிக்கை இந்தக் கோட்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்று 1961இல் ரேடியோ வானியலாளர் மார்ட்டின் ரைல் வாதிட்டார். அதற்குப் பதில் சொல்ல ஹாயில் முன்னே அனுப்பியது, ஆராய்ச்சியில் சேர்ந்து ஓராண்டுகூட முழுசாக ஆகாத நார்லிகரை!

வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சின் கண்டுபிடிப்பு 1965இல் வெளியானது. தொடக்கத்தில் பிரபஞ்சம் வெப்பமாக இருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. பெரும்பாலானவர்கள் பெருவெடிப்பின் பக்கம் போனார்கள். நார்லிகர் போகவில்லை. 1993இல் ஹாயில், வானியலாளர் ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவரோடும் சேர்ந்து கோட்பாட்டைத் திருத்தி எழுதினார். விண்மீன்களின் ஒளியை விண்வெளியில் மிதக்கும் நுண்ணிய இரும்பு இழைகள் உறிஞ்சி நுண்ணலையாக வெளிவிடுகின்றன என்பது அந்தப் பின்னணிக் கதிர்வீச்சுக்கு அவர்கள் தந்த விளக்கம்.

சான்றுகளைப் பார்த்தால் பெருவெடிப்புதான் நிற்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் அவரை ‘தப்பு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வராது. தன் கோட்பாட்டைக் கணக்காக எழுதி, எந்த அளவீட்டை வைத்து அதைச் சோதிக்கலாம் என்றும் சொன்னார். எதிர்த்தரப்பினர் அதைச் சோதித்துப் பார்க்கவும் அதனால் இடம் கிடைத்தது.

கேள்வி: நோபல் பரிசு வாங்கினாரா?

பதில்: இல்லை. அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்ப்பவர்களுக்கு யுனெஸ்கோ தரும் கலிங்கா பரிசை 1996இல் பெற்றார். 2004இல் பத்மவிபூஷண்.

கேள்வி: ஜோதிடத்தைச் சோதித்தார் என்று படித்தேன். ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவள் நான். நியாயமாக நடந்ததா?

பதில்: நியாயமாகத்தான் நடந்தது அம்மா. மகாராஷ்டிராவில் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பினரோடும் புள்ளியியல் அறிஞர்களோடும் சேர்ந்து செய்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களுடைய பிறந்த விவரங்களிலிருந்து ஜாதகம் கணித்தார்கள். பங்கேற்ற ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகங்கள் போயின. எது எந்த வகை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 27 பேர் பதில் அனுப்பினார்கள். சராசரி பாதியைக்கூடத் தொடவில்லை. அதிகபட்சம் 24 சரி.

அந்த 24 பெரிதில்லையா என்று தோன்றலாம். ஒரு நாணயத்தை 40 முறை சுண்டிப் பாருங்கள். 24 அல்லது அதற்கு மேல் தலை விழுவது ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு நடக்கும். 27 பேரில் ஒருவர் அதை எட்டியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாரையும் கேலி செய்யாமல், ‘சொல்வதைச் செய்து காட்டுங்கள்’ என்று மட்டும் அவர் கேட்டார். இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: கேம்பிரிட்ஜை விட்டு ஏன் திரும்பி வந்தார்? இங்கே வந்து என்ன செய்தார்?

பதில்: 1972இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ஆனால் பெரிய வேலை 1988இல் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு, புனேயில் ‘ஐயூக்கா’ என்ற வானியல் மையத்தை அமைத்து அவரை இயக்குநராக்கியது. தொலைநோக்கியோ நல்ல நூலகமோ இல்லாத கல்லூரி ஆசிரியர்களும் அங்கே வந்து தங்கி ஆராய்ச்சி செய்யலாம். நாட்டின் மூலைமுடுக்குகளில் இன்று வானியல் ஆய்வு நடக்கிறது என்றால் இந்த ஏற்பாட்டுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாம் சனிக்கிழமைகளில் உரைகளும் நடந்தன. கையெழுத்துக் கேட்டு வரும் பிள்ளைகளிடம், ‘அஞ்சலட்டையில் ஒரு கேள்வி எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்புகிறேன்’ என்பாராம்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. அவர் எழுதியதில் எதை முதலில் கொடுக்கலாம்?

பதில்: அறிவியல் சிறுகதைகள். அவர் கதை எழுத வந்த விதமே சுவையானது. மராத்தி விஞ்ஞான பரிஷத் 1974இல் நடத்திய போட்டிக்குக் கருந்துளை பற்றிய ஒரு கதையை அனுப்பினார். தன் பேருக்காகப் பரிசு கிடைத்துவிடக் கூடாது என்று முதலெழுத்துகளைத் திருப்பிப்போட்டு, நாராயண் விநாயக் ஜகதாப் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்தை வைத்தும் கண்டுபிடிக்கக் கூடாதே! மனைவி மங்களாவைப் பிரதியெடுக்கச் சொன்னார். அவரும் கணித அறிஞர். கதைக்குப் பரிசு கிடைத்தது. பின்னாளில் மராத்தியில் எழுதிய தன்வரலாற்றுக்கு 2014இல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. மகள் கொஞ்சம் வளர்ந்ததும் அதைத் தேடிக் கொடுங்கள்.