பேரணாம்பட்டு வானில் பாதியில் மறைந்த ஒளி எது?

ஆந்திர எல்லையை ஒட்டிய பேரணாம்பட்டில் மாலை ஏழு மணியளவில், வெள்ளிக் கோளைப் போன்ற பிரகாசத்துடன் தென்மேற்கில் எழுந்த ஒளியொன்று, சிமிட்டாமலும் ஓசையின்றியும் ஏறத்தாழ நான்கு நிமிடம் நகர்ந்து, உச்சியைக் கடந்ததும் சிவந்து மறைந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

அது பெரும்பாலும் பன்னாட்டு விண்வெளி நிலையமாகவே இருக்கும் என்பது என் கருத்து. விமானமென்றால் சிவப்பு, பச்சை விளக்குகள் தெரிந்திருக்கும். எரிகல் சில நொடிகளில் முடிந்துவிடும். நிலையத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. நமக்குச் சூரியன் மறைந்த பின்னும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அதன்மீது வெயில் படுகிறது. மாலையில் கிழக்கே பரவியிருக்கும் பூமியின் நிழலுக்குள் அது நுழையும்போது, வளிமண்டலத்தின் வழியே வளைந்து வரும் செவ்வொளி மட்டுமே கடைசியாகப் படுவதால் சிவந்து அணைகிறது. நீங்கள் கண்ட அந்தச் சிவப்புதான், அது பூமியைச் சுற்றிவரும் பொருள் என்பதற்கு வலுவான சான்று. அதைக் கவனித்துக் குறித்ததற்கு மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் உறுதிசெய்யத் தேதியும் நிமிடம் பிசகாத நேரமும் வேண்டும். அவற்றை, நிலையம் ஓர் ஊரின் வானைக் கடப்பது எப்போது என்று நாசா வெளியிடும் கடப்பு நேரங்களோடு ஒப்பிடலாம். ஒளி அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்று அளக்க, நீட்டிய கையில் விரல்களை மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை என்று கொள்ளுங்கள். உங்களுக்குத் தெற்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தில் 1988இல் இராமானுஜன் என்ற சிறுகோள் கண்டறியப்பட்டதும் இடமும் நேரமும் பிசகாத பதிவுகளால்தான்.

கடப்பு நேரம் பொருந்தாவிட்டால், வேறு செயற்கைக்கோள்களின் பாதைகளை அடுத்ததாகப் பார்க்க வேண்டும்.