தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பத்தடி தோண்டி ஏரியாக்கினால் வேளச்சேரிக்கு வெள்ளம் வராதுதானே?

வராது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். சதுப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ராத்திரி முழுக்க கேஸ் சிலிண்டர் மிதந்து மிதந்து சமையலறைக் கதவை முட்டிக்கொண்டிருந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் "பறவைக்காக இத்தனை நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தப்பாகப் படவில்லை. இந்த விவாதத்தில் சதுப்புக்காகப் பேசுகிறவர்கள் பலர் பூநாரைப் படத்தைக் காட்டியே பேசுகிறார்கள், வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்தவனுக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

சரி, பறவையை விடுங்கள், தண்ணீர்க் கணக்கை மட்டும் பார்ப்போம்.

எங்கள் தெருவில் ஒருவர் வீடு கட்டும்போது ஐப்பசி மாதத்தில் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி எடுத்தார். மூன்றடி போனதுமே ஊற்று. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழி நிரம்பி, தவளை நீந்துகிறது, அன்றைக்கு மழையே இல்லை. எங்கள் பக்கத்து மண் அப்படி. சதுப்பில் பத்தடி தோண்டினாலும் இதே கதைதான். நிலத்தடி நீரும், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிற கழிவுநீரும், முதல் இரண்டு மழையும் சேர்ந்து புயல் வருவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். வெளியேறும் வாய்க்காலின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வடியாது, அங்கேயே கிடக்கும். வெள்ளம் வரும் அன்று இடம் வேண்டுமென்றால் அந்த மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும், அந்த இடத்தைத்தான் குப்பையும் ரோடும் கட்டடமும் எடுத்துக்கொண்டன. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு இது. 2007இல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது சுமார் 1,247 ஹெக்டேர்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 100 ஹெக்டேரை ஒரு மீட்டர் தோண்டி, அது காலியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 100 கோடி லிட்டர்தான் பிடிக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இங்கே வந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர். அதில் பாதித் தண்ணீர் மண்ணில் ஊறிவிட்டாலும்கூட, 8 மில்லிமீட்டர் மழையைத்தான் அந்தப் பள்ளம் தாங்கும். மிக்ஜாமில் சென்னையின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

சிக்கல் தண்ணீர் வெளியேறும் வாசலில் இருக்கிறது. இத்தனை தண்ணீரும் ஒக்கியம் மடுவு என்கிற வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அப்புறம் தெற்கே முட்டுக்காடு வரை நடந்துதான் கடலைப் பார்க்க வேண்டும். புயல் நேரத்தில் கடல் இந்தத் தண்ணீரை உள்ளே வாங்காது. துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் ரோடு வேறு சதுப்பை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது, ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போக அடியில் இருக்கும் பாலக் கண்களை நம்பியிருக்கிறது.

தோண்டவே கூடாது என்று சொல்லவில்லை. சதுப்புக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் மாதிரி ஏரிகளைத் தூர் வாரி, மழைக்கு முன்பே மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கி வைக்கட்டும், அது உருப்படியான வேலை. 2024இல் அரசு எடுத்துக்கொண்ட கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில் குளம் வெட்டியதையும் நான் ஆதரிக்கிறேன். அது மேட்டு நிலம், அங்கே நிறுத்துகிற தண்ணீர் வேளச்சேரிக்கு இறங்காது. சதுப்பைப் பொறுத்தவரை பெருங்குடிக் குப்பையை எடுத்துவிட்டு அந்த நிலத்தைத் திரும்பக் கொடுத்தாலே போதும்.

பறவையை விடுங்கள் என்றேன், ஒரு வரி மட்டும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் தண்ணீரில் நடந்து இரை பொறுக்கும், பத்தடி ஆழத்தில் அதற்கு வேலை இல்லை.

போன புரட்டாசியில் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரம்கட்டி ஒரு பாலக் கண்ணை எட்டிப் பார்த்தேன். ஆகாயத்தாமரை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருந்தது, அதன் மேல் ஒரு பழைய மெத்தை. மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.